புண் ஆறினால் நோய் போய்விட்டதா?

சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயில் வரும் புண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அது ஆறிவிடும். கிருமி உடலுக்குள் நுழைந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண் வரும். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தானாகவே மறைந்துபோகும். அப்புறம் சில வாரங்களோ மாதங்களோ கழித்து உடம்பெங்கும், உள்ளங்கை உள்ளங்காலில்கூட, தடிப்புகள் கிளம்பும். அவையும் போய்விடும். அதன்பிறகு பல வருடங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கிருமி மட்டும் உள்ளே இருக்கும். இதயத்தையோ மூளையையோ அது தாக்கும்போது பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஓடியிருக்கும்.

அந்த முதல் புண்ணுக்கு ஒருவர் ஏதோ ஒரு வேரை அரைத்துப் பூசினார் என்று வையுங்கள். ஒரு மாதத்தில் புண் போய்விடும். பூசியவருக்கும் பூசிக்கொண்டவருக்கும் அந்த வேரின் மேல் நம்பிக்கை வருவதில் ஆச்சரியமில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மூலிகைகளைப் பால்வினை நோய்களுக்குச் சோதிப்பதில் உள்ள சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பாம்புக்கடிக்கோ வயிற்றுப்போக்குக்கோ கொடுக்கும் மருந்து பலித்ததா இல்லையா என்பது ஓரளவு கண்முன்னே தெரிந்துவிடும். தானாக ஒளிந்துகொள்ளும் நோயில் பரம்பரை அனுபவம் என்பது நல்ல சாட்சி அல்ல.

எந்த அளவுக்கு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நார்வேயின் ஓஸ்லோவில் சீசர் போக் என்ற தோல் மருத்துவர், அன்றைய வழக்கமான பாதரச மருந்து நல்லதைவிடக் கெட்டதையே அதிகம் செய்கிறது என்று நினைத்தார். 1891 முதல் 1910 வரை தன்னிடம் வந்த ஏறக்குறைய 2,000 சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு அவர் அதைக் கொடுக்கவே இல்லை. மருத்துவமனையில் தங்கவைத்தார், புண்கள் ஆறும்வரை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பின்னால் 1929-ல் புருஸ்கார்ட் என்பவரும் 1955-ல் கெஸ்ட்லாண்ட் என்பவரும் அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வாழ்நாள் முழுக்க இந்த நோயால் பெரிய தொல்லை எதுவும் வரவில்லை. ஆக, வெறும் சுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தாலும் எல்லோருக்கும் புண் ஆறியிருக்கும், நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் நிரந்தரமாகக் குணமானதுபோலவே தெரிந்திருப்பார்கள். மீதிப் பேருக்கு நேர்ந்ததைப் பார்க்க வைத்தியர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. 1490-களில் ஐரோப்பாவில் நோய் பரவியதும் கரீபியத் தீவுகளிலிருந்து குவாயகம் என்ற மரக்கட்டை வந்து இறங்கியது. கடவுள் நோயை எங்கே வைத்தாரோ அங்கேதான் மருந்தையும் வைத்திருப்பார் என்பது அன்றைய வாதம். ஜெர்மனியின் உல்ரிக் ஃபான் ஹூட்டன் தானே நோயாளி. 1519-ல் இந்த மரத்தைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். கட்டையைச் சீவி, ஊறவைத்து, காய்ச்சி, அந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, காற்றுப் புகாத சூடான அறையில் அரைப்பட்டினியாக ஒரு மண்டலத்தை ஒட்டி வியர்த்துக் கிடக்க வேண்டும். தனக்குப் பூரண குணம் என்று எழுதினார். 1523-ல், 35 வயதில், அதே நோயோடு இறந்துபோனார்.

குவாயகத்துக்கு மவுசு குறைந்தபோது பறங்கிப்பட்டை என்ற கிழங்கு வந்தது. 1530-களில் போர்த்துக்கீசிய வணிகர்கள் இதைச் சீனாவிலிருந்து கோவா வழியாகக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் சார்லஸ் பேரரசரே சாப்பிட்டுப் பார்த்தார். உடற்கூறியலில் பெரிய பெயரான வெசாலியஸ் 1546-ல் இந்தக் கிழங்கைப் பற்றி நீண்ட கடிதம் ஒன்றை வெளியிட்டார். அவருக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அதே 16ஆம் நூற்றாண்டில் வடமொழி வைத்திய நூலான பாவப்பிரகாசத்தில் பறங்கியரோடு வந்த நோயாகச் சிஃபிலிஸ் இடம்பெறுகிறது, மருந்தாகப் பறங்கிப்பட்டையும் சொல்லப்படுகிறது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சரக்குதான். யாராவது இதை ஐயாயிரம் வருடப் பாரம்பரியம் என்று சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். இந்த நோய்க்கு இந்தக் கிழங்கைக் கொடுக்கும் வழக்கத்துக்கு இங்கே ஐந்நூறு வயதுதான். நோயும் மருந்தும் கப்பலில் வந்தவை.

நன்னாரிக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. அமெரிக்கச் சார்சபரில்லா வேரை மேலை மருத்துவர்கள் சிஃபிலிசுக்குக் கொடுத்துவந்தார்கள். அதற்கு ஈடாக நன்னாரியை 1864-ல் பிரிட்டிஷ் மருந்து நூலில் சேர்த்தார்கள். இன்று இரண்டுமே குளிர்பானம்.

கொனோரியாவுக்கு, அதாவது நம்மவர்கள் வெட்டை என்று சொல்லும் கோளாறுகளில் ஒன்றுக்கு, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா மூன்று சரக்குகளை நம்பியிருந்தது: தென் அமெரிக்கக் கோபைபா பிசின், வால்மிளகு, நம் பக்கத்துச் சந்தன எண்ணெய். கோபைபாவின் ருசி வாயில் வைக்க முடியாத அளவு மோசம். அதை மறைப்பதற்காகத்தான் 1834-ல் பாரிசில் மோத் என்ற மருந்தாளர் ஜெலட்டின் குப்பிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் விழுங்கும் கேப்சூல்களின் மூதாதை அது. அந்த மருந்து போய்விட்டது, உறை மட்டும் நின்றுவிட்டது. சந்தன எண்ணெய்க்கு லேசான கிருமி எதிர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆண்களுக்கு வரும் சீழ் வடிதல், மருந்தே இல்லாவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். பெண்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது. கிருமி கருப்பை வழியாக ஏறிக் கருக்குழாயை அடைத்துக் குழந்தைப்பேறு இல்லாமல் செய்யும்போதுதான் விஷயம் தெரியும். சந்தன எண்ணெய் சாப்பிட்ட கணவருக்கு எரிச்சல் நின்றது என்பது பதிவாகும். மனைவிக்கு என்ன ஆனது என்பது எந்தப் பதிவிலும் இருக்காது.

1943-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மஹோனி குழுவினர் நான்கே நான்கு சிஃபிலிஸ் நோயாளிகளுக்குப் பெனிசிலின் போட்டு முடிவை வெளியிட்டார்கள். நான்கு பேர்தானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் பார்த்தது புண் ஆறுவதை மட்டுமல்ல. புண்ணிலிருந்து எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்துத் திருகுத் திருகான அந்தக் கிருமிகள் எத்தனை மணி நேரத்தில் காணாமல் போகின்றன என்று பார்த்தார்கள். அதன்பிறகு ரத்தப் பரிசோதனை மாறுகிறதா என்று தொடர்ந்து கவனித்தார்கள். அறிகுறியை விட்டுவிட்டுக் கிருமியைப் பிடித்துக்கொண்டார்கள். குவாயகத்தையும் பறங்கிப்பட்டையையும் இப்படிப் பார்க்க அந்தக் காலத்தில் யாருக்கும் வழி இல்லை.

இப்போது வழி இருக்கிறது, ஆகவே மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடலாமே என்றால், அங்கேயும் இந்தக் கிருமிகள் எளிதில் மாட்டுவதில்லை. சிஃபிலிஸ் கிருமியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ச்சியாக வளர்க்கும் வழியை அமெரிக்காவின் ஹூஸ்டனில் கண்டுபிடித்ததே 2018-ல்தான். அதுவரை முயலின் விதைப்பைக்குள் வைத்துத்தான் அதைப் பெருக்கிவந்தார்கள். கிளமீடியா என்ற இன்னொரு பால்வினை நோயின் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் வளரும். கொனோரியா தட்டில் வளரும், ஆனால் ரொம்பச் செல்லம். சாக்லேட் அகார் என்ற ஊட்டம் வேண்டும் (சாக்லேட் எதுவும் கிடையாது, ரத்தத்தைச் சூடாக்கிக் கலப்பதால் வரும் நிறம்), கரியமில வாயு ஐந்து சதவீதம் வேண்டும், உடல் சூடு வேண்டும், கொஞ்சம் காய்ந்தாலும் செத்துப்போகும். இதனால் பல ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு சின்ன நழுவல் நடக்கும். தலைப்பில் பால்வினை நோய் மூலிகை என்று இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் சோதித்தது ஈகோலையையும் ஸ்டெஃபைலோகாக்கஸையும், மிஞ்சினால் கேண்டிடா பூஞ்சையையும். எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் வளரக்கூடியவை அவைதான்.

முறையாகச் செய்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நாட்டு வைத்தியர்களிடம் போவது இன்றும் சாதாரணம். அங்கே விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில், மக்கள் இந்த நோய்களுக்குப் பயன்படுத்தும் செடிகளைக் கொனோரியா, டிரைக்கோமோனாஸ், கார்ட்னரெல்லா போன்ற உரிய கிருமிகளின் மேலேயே சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். இம்மாதிரி ஆய்வுகளில் வரும் எண்களை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு செடியின் சாற்றை எடுத்து, படிப்படியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்த அளவுக்குக் கீழே போனால் கிருமி மறுபடி வளர ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார்கள். பிரித்தெடுக்காத முழுச் சாறு ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம், அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போதே கிருமி வளராமல் நின்றுவிட்டால், கவனிக்கத் தகுந்தது என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. இன்று கொனோரியாவுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் மருந்துக்கு, இந்த அளவுக்குள் கிருமி அடங்க வேண்டும் என்று வைத்திருக்கும் ஐரோப்பிய அளவுகோல் ஒரு மில்லிலிட்டருக்கு 0.125 மைக்ரோகிராம். அதாவது 8,000 மடங்கு வித்தியாசம். இது முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும், அவற்றில் ஏதோ ஒன்று வீரியமானதாக இருக்கலாம், அதைப் பிரித்தெடுத்தால் எண் மாறும். ஆனால் நோயாளி குடிப்பது பிரித்தெடுத்ததை அல்ல, முழுச் சாற்றை. பெரியவர் ஒருவர் உடலில் 5 லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடுகிறது. அந்த 1 மில்லிகிராம் அளவை ரத்தத்தில் எட்ட வேண்டுமானால் 5 கிராம் உலர்ந்த சாறு அப்படியே, வயிற்றில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல், சிறுநீரில் போகாமல், ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டும். பத்துக்கு ஒரு பங்கு சாறு தேறும் இலை என்றால், ஒரு வேளைக்கு 50 கிராம் காய்ந்த இலை. நடக்கிற காரியமா?

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. வைத்தியர் தண்ணீரில் காய்ச்சுகிறார். ஆய்வாளர் பெரும்பாலும் மெத்தனாலிலோ அசிட்டோனிலோ சாறு எடுக்கிறார். இரண்டிலும் இறங்கும் பொருள்கள் வேறு வேறு. நல்ல எண் வந்தது மெத்தனால் சாற்றுக்கு என்றால், அது கஷாயத்துக்கான சான்று ஆகாது. அப்புறம், கடுக்காய், கருவேலம்பட்டை மாதிரித் துவர்ப்புச் சரக்குகளில் உள்ள டானின்கள் எதிர்ப்படும் புரதத்தையெல்லாம் கட்டியாக்கிவிடும். தட்டில் எந்தக் கிருமியை வைத்தாலும் ஜெயிக்கும். குடித்தால் பெரும்பகுதி குடலைத் தாண்டாது.

குடிக்க வேண்டாம், இருக்கும் இடத்திலேயே பூசினால் என்ன? நியாயமான கேள்விதான், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. எலுமிச்சைச் சாறு ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி.யைக் கொல்லும். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் பெண்கள் உடலுறவுக்கு முன்னும் பின்னும் எலுமிச்சைச் சாற்றால் கழுவிக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரோஜர் ஷார்ட் 2000-களின் தொடக்கத்தில் இதைப் பெரிய எதிர்பார்ப்போடு முன்வைத்தார். மலிவு, எங்கும் கிடைக்கும், பெண்ணே முடிவு செய்யலாம். சோதித்துப் பார்த்தபோது, வைரஸைக் கொல்லப் போதுமான செறிவில் சாறு யோனியின் மேல்தோலையும் அரித்தது. அரித்த தோல் என்பது வைரஸுக்குத் திறந்த கதவு. இதே பாடம் நானாக்ஸினால்-9 என்ற செயற்கை மருந்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. அதைப் பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று கூடியது என்ற முடிவு 2000-ல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் வெளியானபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. இயற்கை, செயற்கை என்று தோல் பார்ப்பதில்லை.

இனி நமக்கு நெருக்கமான செடிக்கு வரலாம். கீழாநெல்லி மஞ்சள்காமாலைக்கு நல்லது என்பது தமிழ்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரைத்து மோரில் கலந்து குடித்தால் காமாலை இறங்கும். இறங்கத்தான் இறங்கும். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ தானாகவே சில வாரங்களில் சரியாகிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி-யும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குத் தானாகவே போய்விடும். சிஃபிலிஸ் புண் கதைதான். ஹெபடைடிஸ் பி, ரத்தத்தாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் மட்டுமல்ல, உடலுறவாலும் தொற்றும். அது போகாமல் தங்கிவிட்டவர்களுக்குத்தான் பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும். கேள்வி அவர்களைப் பற்றியது.

அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டவர்கள் சென்னைக்காரர்கள். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்கோடு சேர்ந்து வேலை செய்தார்கள். வைரஸை நீண்டநாளாகச் சுமப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த கேப்சூல், இன்னொரு பிரிவினருக்கு மருந்துப்போலி (பார்க்க மருந்து மாதிரி, உள்ளே மருந்து இருக்காது), 30 நாள். முடிவு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்துப்போலி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதம் எதிர் 4 சதவீதம். தானாக இப்படிப் போவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண் எவ்வளவு பெரியது என்று புரியும். உலகம் திரும்பிப் பார்த்தது.

கேள்வி சரி, ஒப்பீட்டுக் குழு இருந்தது, அறிகுறியை விட்டு வைரஸையே அளந்தார்கள். ஆய்வாளர்களும் அதை ஆரம்பக்கட்ட ஆய்வு என்றே சொன்னார்கள். அடுத்து நடக்க வேண்டியதும் நடந்தது: மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், அந்தப் பலன் வரவில்லை; 1990-ல் அதே லான்செட்டில் அதை வெளியிட்டார்கள். நியூசிலாந்தில் செய்தார்கள், அங்கேயும் இல்லை. சீனாவில் வேறு வேறு வகைக் கீழாநெல்லிகளை வைத்து நிறையச் செய்தார்கள். 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 1,326 நோயாளிகள் அடங்கிய 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்துப்போலியோடு நேராக ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுதான் தேறியது. அதில் 42 பேர், குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மற்ற ஆய்வுகளில் கீழாநெல்லியை வைரஸ் எதிர்ப்பு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் கொஞ்சம் நல்ல சாடை தெரிந்தாலும் ஆய்வுகளின் தரம் நம்பும்படி இல்லை.

சென்னையில் பலித்தது மற்ற இடங்களில் ஏன் பலிக்கவில்லை? சிறிய ஆய்வில் தற்செயலாக வந்த எண்ணாக இருக்கலாம். என் கணிப்பு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் இன்னொரு சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது: எல்லோரும் கொடுத்தது ஒரே செடிதானா? பழைய இந்திய நூல்களில் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் போட்டிருக்கும். நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வயல் வரப்பில் முளைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இன்னும் பல வகைகள் அதே வரப்பில் உண்டு. 2010-ல் தென்னிந்தியாவின் 25 மருந்துச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கி மரபணு வரை சோதித்தார்கள். 76 சதவீத மாதிரிகளில் பெரும்பகுதி அமாரஸ்தான் இருந்தது. மீதியில் ஐந்து வேறு இனங்கள். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பிடுங்கியது, வெயிலில் காயவைத்ததா நிழலிலா என்பதெல்லாம் அதற்கு மேல். ஒரு மாத்திரைக்கு 500 மில்லிகிராம் என்றால் எல்லா ஊரிலும் அதே 500 மில்லிகிராம்தான். ஒரு பிடி கீழாநெல்லிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, செடியின் எந்தப் பொருளை வைத்துத் தரம் அளப்பது என்பதே முடிவாகாதவரை அது வரவும் வராது.

தோற்றவை மட்டும்தானா? இல்லை. பிறப்புறுப்பு மருக்களில் மூலிகை உண்மையிலேயே ஜெயித்திருக்கிறது, அதுவும் இரண்டு தடவை. மேஆப்பிள் என்ற வட அமெரிக்கச் செடியின் வேரைப் பூர்வகுடிகள் பேதிக்கும் வேறு பலவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். அதன் பிசினை எண்ணெயில் கலந்து மருக்களில் தடவினால் அவை உதிர்வதைக் காப்லன் என்ற மருத்துவர் 1942-ல் எழுதினார். செல் பிரிவதையே நிறுத்தும் விஷம் அது. பிசினாக இருந்தவரை தலைவலிதான்: ஒவ்வொரு தயாரிப்பிலும் வீரியம் மாறும், பெரிய இடத்தில் தடவினால் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்து, கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. அதிலிருந்து பொடோஃபில்லோடாக்ஸினைத் தனியாகப் பிரித்து, 0.5 சதவீதக் கரைசலாக்கி, மூன்று நாள் தடவு, நான்கு நாள் விடு என்று கணக்கு வகுத்த பிறகுதான் 1990-ல் நோயாளி வீட்டிலேயே தடவிக்கொள்ளும் மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது. இமயமலையில் வளரும் இதன் உறவுச் செடியில் இந்தப் பொருள் இன்னும் அதிகம். அதனாலேயே தோண்டித் தோண்டி அருகிப்போய், அதே 1990-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு போட வேண்டிவந்தது.

இரண்டாவது, பச்சைத் தேயிலை. அதிலுள்ள கேட்டெக்கின் என்ற பொருள்களை 15 சதவீதக் களிம்பாக்கியதை 2006 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருவுக்கான மருந்தாக ஏற்றது. தனிப் பொருளாகப் பிரிக்காமல், தாவரச் சாறாகவே அந்த அமைப்பு விதிமுறைப்படி ஏற்ற முதல் மருந்து இதுதான். ஒரு மூலிகைக்கு இவ்வளவு பெரிய அங்கீகாரம் முதன்முதலில் கிடைத்தது பால்வினை நோய் ஒன்றில் என்பது பலருக்குத் தெரியாது. ஆய்வு எண்களைப் பாருங்கள்: 16 வாரம் வரை களிம்பு பூசியவர்களில் 53.6 சதவீதத்தினருக்கு மருக்கள் முழுதாக மறைந்தன. தேயிலை கலக்காத வெறும் களிம்பைப் பூசியவர்களிலும் 35.3 சதவீதத்தினருக்கு மறைந்தன! ஒப்பீட்டுக் குழு இல்லாமல் செய்திருந்தால் மாட்டுக் கொழுப்பைப் பூசிக்கூட மூன்றில் ஒருவரைக் குணப்படுத்தியதாகச் சொல்லியிருக்கலாம். தேயிலையின் சொந்தச் சம்பாத்தியம் அந்தப் பதினெட்டுச் சதவீதம்தான். அதுவும் மருவைத்தான் போக்கும். மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் உடலை விட்டுப் போய்விடும் என்று மருந்துச் சீட்டில் எங்கும் சொல்லவில்லை.

இரண்டு வெற்றிகளிலும் பொது அம்சங்கள் உண்டு. நோய் தோலின் மேல், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். மருந்து வெளிப்பூச்சு, குடலையும் கல்லீரலையும் தாண்ட வேண்டிய வேலை இல்லை. எவ்வளவு என்ற அளவு கறாராக இருந்தது. உள்ளே பரவி ஒளியும் சிஃபிலிஸிலும் கிளமீடியாவிலும் இந்த வசதிகள் ஒன்றுகூட இல்லை.

எச்.ஐ.வி.யில் இது இன்னும் கஷ்டம், மருந்தே இல்லாமலும் எட்டுப் பத்து வருடம் நன்றாக இருக்க முடியும் என்பதால். 1990-களில் வேறு எதுவும் எட்டாதபோது தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கைவசம் வேறொன்றும் இல்லாத காலத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ரசகந்தி மெழுகில் பாதரசம் இருக்கிறது என்றாலும். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து அதே தாம்பரத்துக்கு வந்தபிறகு நிலைமை வேறு. இன்று மூலிகையைத் தனியாகக் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. கூடச் சேர்த்துத்தான் கொடுக்கலாம். அதிலும் பார்த்துக் கொடுக்க வேண்டும். பூண்டு கேப்சூல்களை மூன்று வாரம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் சாக்வினவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2002-ல் கண்டார்கள்.

சிஃபிலிசுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆரம்பக் கட்டத்தில் 24 லட்சம் யூனிட் பென்சதீன் பெனிசிலின் ஒரே ஊசியாகப் போட்டால் தீர்ந்துவிடும் நோயில், ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் கஷாயம் கொடுத்து வேடிக்கை பார்ப்பது ஆய்வு அல்ல. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு மருந்து தராமல் நோயின் போக்கைக் கவனித்ததற்கு இன்றுவரை வெட்கப்படுகிறார்கள். இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் சிஃபிலிஸ், கொனோரியா முதலியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. அதற்காக ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு மேகவெட்டைக்கு மருந்து கொடுப்பவர்கள் குறைந்துவிடவில்லை. அவர்களிடம் போகிறவர்களில் பலருக்கு நோயே இருக்காது, பயம்தான் இருக்கும். அவர்களையும் சேர்த்துத்தான் அங்கே குணமானவர்கள் கணக்கு.

அப்படியானால் எங்கே இடம் இருக்கிறது? கொனோரியாவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் 8.2 கோடிப் புதிய தொற்றுகள்; சல்ஃபா, பெனிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொரு மருந்தையும் இந்தக் கிருமி வரிசையாகத் தோற்கடித்துவிட்டு இப்போது செஃப்ட்ரியாக்சோனில் வந்து நிற்கிறது. புதிய மூலக்கூறு எந்தச் செடியிலிருந்து வந்தாலும் வரவேற்க ஆள் உண்டு. ஆனால் வாசலில் கேட்பது இதுதான்: சோலிஃப்ளோடசின் என்ற, வாய்வழியாகக் கொடுக்கும் புதிய மருந்தை ஐந்து நாடுகளில் 930 பேரிடம் சோதித்து 2023-ல் முடிவைச் சொன்னார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய ஆறாம் நாள் திரும்பி வந்தார்கள். எரிச்சல் போய்விட்டதா என்பதை வைத்து முடிவெடுக்கவில்லை. மாதிரி எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். சுமார் 91 சதவீதத்தினரிடம் கிருமி ஒழிந்திருந்தது, பழைய மருந்து பெற்றவர்களில் 96 சதவீதத்தினரிடம். ஒரு மூலிகைச் சாற்றுக்கு இந்த ஆய்வைச் செய்ய வேண்டுமானால், முதலில் செடி எதுவென்று மரபணுவரை உறுதியாக வேண்டும், ஒவ்வொரு தொகுப்பிலும் சரக்கு ஒரே அளவில் இருக்க வேண்டும், பலிக்காதவருக்கு அன்றைக்கே ஊசி போட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவருடைய துணைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறாம் நாள் தட்டில் வளர்வது பழைய கிருமியா, வீட்டிலிருந்து மறுபடி வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.